ஒரு பங்கு மெழுகு, அஞ்சு பங்கு எண்ணெய்

ஏனுங் தம்பி, உங்க கையைச் சித்தெ காட்டுங்க பாக்கலாம். பயப்படாதீங்க, நான் கைரேகை ஜோசியக்காரன் இல்ல. டிக்கெட்டுக்குக் கை நீட்டுனீங்களே, அப்பப் பாத்தேன். முட்டிக்கு முட்டி வெள்ளை பூத்துக் கெடக்குது. அட, உதடும் அப்படியேதான் இருக்குது. தைப்பனி தரையைத் துளைக்கும்பாங்க. தரையைத் துளைக்கறது மனுசத் தோலை விடுமுங்களா? ஜன்னலைச் சாத்திக்கோங்க.

எதுவரைக்கும் போறீங்க? உடுமலையா? நானும் உடுமலைதான். அப்ப நெறைய நேரம் இருக்குது.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. காங்கயத்துல மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருந்தேன். சுத்துப்பட்டுல யாரு கிணத்து மோட்டார் எரிஞ்சாலும் எங்கிட்டத்தான் தூக்கிட்டு வருவாங்க. இப்பக் கடையை வேற ஆளுக்கு விட்டாச்சு, முழங்கால் கேக்கமாட்டேங்குது. கால் உக்காந்துட்டா மூளையும் உக்காந்துக்குமுங்களா? அதுதான் களிம்பு காய்ச்சறதுல எறங்கிப்போட்டேன். வறண்ட தோலுக்குப் பூசறது. கடையில மாய்ஸ்சரைசர்னு பாட்டில்ல விக்கறாங்களே, அதேதான், ஆனா நானே காய்ச்சினது. இப்பவும் அதுக்கு மெழுகு வாங்கத்தான் போறேன். உடுமலைக்கிட்ட ஒரு தோப்புக்காரர் தேனீப்பெட்டி வெச்சிருக்கறார்.

என்ற வீட்டுக்காரி லோகாம்பாள் கைக்காகத்தான் இத்தனையும். அவளுக்குக் கை வெடிப்பு. வருசா வருசம் கார்த்திகையில ஆரம்பிக்கும், இந்த வருசம் ரொம்ப அதிகம். வெரல் நுனியெல்லாம் பொளந்து, புளி கரைச்சாப் போதும், ஸ்ஸுன்னு கையை உதறுவா. எதனால வருதுன்னே தெரியலீங்க. அப்படி ஒண்ணும் கைக்கு வேலையும் இல்ல. வீட்டு வேலைதான். பாத்திரம், துணிமணி, ரெண்டு மாடு. களத்துல தேங்காப் பருப்பு காயப்போட்டு எடுக்கறது. அப்பறம் நான் கடை வெச்சிருந்த காலத்துல வார்னிஷும் கிரீஸுமா வர்ற என்ற துணியைச் சோடா போட்டுக் கசக்கறது. அவ்வளவுதான். மத்த நேரமெல்லாம் சும்மாதான் இருப்பா.

கார்த்திகைக் கடைசியில ரேசன் கடைக்குப் போயிருந்தோம். இப்பெல்லாம் வெரல் வெக்கோணுமில்லீங்களா, மிசினுல. கார்டுல குடும்பத் தலைவி அவதான், அதனால எப்பவும் அவதான் வெப்பா. அதுல அவளுக்கு ஒரு பெருமை. சேலைத் தலைப்புல வெரலைத் தொடைச்சிட்டுத்தான் வெப்பான்னா பாத்துக்கோங்க. அன்னைக்கு மிசினு ஏத்துக்கல. பெருவிரலை வெச்சா, செவப்பு வெளிச்சம். அடுத்த விரல், செவப்பு. பத்து விரலும் ஆச்சு. அந்தக் கடைப் பாப்பா நல்ல புள்ளைங்க. "கை ரொம்பக் காஞ்சு கெடக்குதுங்கம்மா, ரேகையே தெரியலீங்க"ன்னு மெதுவாச் சொல்லுச்சு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "ஏம்மிணி, இத்தனை வருசமா எங்கூட்டுல இருக்கறது யாருன்னு கெவுருமெண்டுக்கே சந்தேகம் வந்துருச்சாட்ட இருக்குதே. இதுதான் சமயம்னு நானும் வேற ஆளை மாத்திக்கட்டுமா?"ன்னேன்.

அடேங்கப்பா, வரிசையே சிரிச்சுது தம்பி. பின்னாடி நின்ன ஒரு ஆளு பையைக் கீழ போட்டுட்டுச் சிரிச்சான். நான் அதோட விடல. என்ற பெருவிரலை வெச்சேன், டக்குனு பச்சை எரிஞ்சுது. "பாத்தியா, நல்ல சரக்கு எதுன்னு மிசினுக்குத் தெரியுது"ன்னேன். மறுபடியும் சிரிப்பு. என்ற வாழ்க்கையில அப்படி ஒரு கூட்டத்தைச் சிரிக்க வெச்சதே இல்லீங்க.

லோகு மட்டும் சிரிக்கல. அரிசிப் பையை எடுத்து இடுப்புல வெச்சுட்டு முன்னால நடந்துட்டா. வீடு வந்து சேர்ற வரைக்கும் திரும்பியே பாக்கல. மிசினு மேல அத்தனை கோவம்!

அடுத்த நா காலையில சோறாக்கி வெச்சுட்டு, கையில பையோட நிக்கறா. "நான் பூங்கோதை வீட்டுக்குப் போறேன்"ங்கறா. பூங்கோதைன்னா என்ற கொழுந்தியா, அவளோட தங்கச்சி. தாராபுரத்துல இருக்கறா.

"எதுக்கு இப்ப?"

"கை ஆறட்டும்."

"அட, தாராபுரத்துலயும் இதே காத்துதான் அடிக்குது. காத்து மாறோணும்னா ஊட்டிக்குப் போகோணும், இல்ல கடலோரம் போகோணும். தாராபுரம் போயி என்ன பிரயோஜனம்?"னு வெவரமாச் சொன்னேன். காதுலயே போட்டுக்கல. பஸ் ஏறிட்டா.

ரெண்டு நாள்ல வந்துருவான்னு இருந்தேன். வல்ல. போன் பண்ணுனா கொழுந்தியா எடுத்து, "அக்கா தூங்குதுங் மாமா"ங்கறா. காலையிலயும் தூக்கம், மத்தியானமும் தூக்கம். கை வெடிப்புக்கு இத்தனை தூக்கம் வருமுங்களா? எனக்கு அப்பத்தான் தோணுச்சு, கையைச் சரிபண்ணாத்தான் இந்தக் கதை முடியும்னு. தோலுங்கறது என்ன? அதுவும் ஒரு பேரிங்தானுங்க. கிரீஸ் காஞ்சுபோனா சத்தம் வரும். சரியான கிரீஸை வெச்சா ஓடிரும். டவுன் கடையில ஒரு பாட்டில் வாங்கி முன்னாடியே குடுத்திருக்கறேன். அந்த வாசத்துக்குத் தலை வலிக்குதுன்னு மாடத்துல வெச்சுட்டா. அதனால நானே எறங்கினேன்.

மொதல்ல தேங்காயெண்ணெய். எங்கூர்ல அதுக்கென்ன பஞ்சம்? செக்குல ஆட்டினது. ஆனா வெறும் எண்ணெய் நிக்காது, வழுக்கிட்டுப் போயிரும். கெட்டியாகறதுக்கு ஏதாச்சும் வேணும். வீட்டுல மெழுகுவர்த்தி இருந்துச்சு. ரெண்டையும் சேத்து உருக்கி, ஊறுகாய் பாட்டில்ல ஊத்தி, ஆற வெச்சா, வெள்ளைவெளேர்னு வந்துருச்சு. தூக்கிட்டு ஓடினேன் தாராபுரத்துக்கு.

லோகு கதவுகிட்ட நின்னா. வாங்கன்னு சொன்னா, அவ்வளவுதான். கொழுந்தியாதான் பாட்டிலை வாங்கி, உள்ள ஸ்பூனை விட்டா, ஸ்பூன் வளைஞ்சு போச்சு. தோண்டி எடுத்துக் கையில தேய்ச்சுப் பாத்தா, சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி திட்டுத் திட்டா நின்னுச்சு. உள்ள இருந்து ஒரு முழம் திரி வேற வந்துச்சு, அதை எடுக்க மறந்துட்டேன்.

"மாமா, கரண்டு போனா பத்த வெச்சுக்கறமுங்க"ன்னு சொல்லிட்டுக் கொழுந்தியா அதைச் சாமி மாடத்துல வெச்சுட்டா. அவ புருசன், என்ற சகலை, பேப்பரை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுட்டுக் குலுங்கறான். லோகு வாயோரத்துல லேசா ஒரு அசைவு. சிரிப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அசைவுதான். நான் பாத்தேன்.

அடுத்தது சோத்துக் கத்தாழை. வேலியோரம் மண்டிக் கெடக்குது. சோத்தை வழிச்சு எடுத்து எண்ணெயோட மிக்சியில அடிச்சா, தம்பி, வெண்ணெய்ங்க, வெண்ணெய்! நானே மயங்கிட்டேன். டப்பாவுல அடைச்சு எடுத்துட்டு இதே பஸ்ல ஏறினேன். நம்ம ரோடுதான் உங்களுக்குத் தெரியுமே. ஊதியூர் தாண்டறதுக்குள்ள மூடி தெறிச்சு, பக்கத்துல நின்ன கண்டக்டர் பேண்டுல பாதி. அந்த மனுசன் திட்டாத திட்டு இல்ல. மிச்சத்தைக் கொண்டு போயிக் குடுத்தேன். பூசினா நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நாலு நாள்ல கொழுந்தியா போன் பண்றா. "மாமா, உங்க மருந்துக்கு மீசை மொளைச்சிருச்சுங்க"ன்னு. பூஞ்சை. தண்ணிச் சத்து சேந்தா வெளிய வெச்சா கெட்டுப்போகும்னு அப்பத்தான் கத்துக்கிட்டேன். நீங்க செஞ்சா அன்னன்னைக்குச் செஞ்சு அன்னன்னைக்குப் பூசிக்கோங்க, சேத்து வெக்காதீங்க.

அதுக்கப்பறம்தான் தேன்மெழுகு. தோப்புக்காரரைப் புடிச்சேன். அடையைப் புழிஞ்சு வடிகட்டி வெல்லக்கட்டி மாதிரி வெச்சிருந்தார். அடுப்புல நேராக் காட்டாதீங்கன்னார். பெரிய பாத்திரத்துல தண்ணி கொதிக்கோணும், அதுக்குள்ள சின்னக் கிண்ணத்துல மெழுகு. மெழுகு கரைஞ்சதுக்கப்பறம் எண்ணெயை ஊத்தி, எறக்கி, ஆறற வரைக்கும் கலக்கிட்டே இருக்கோணும். சரிபாதி போட்டேன், கல்லு. ஒண்ணுக்கு மூணு, கொஞ்சம் தேவலை. ஒண்ணுக்கு பத்து, கொழகொழன்னு போச்சு. கடைசியில புடிச்சேன் பாருங்க, ஒரு பங்கு மெழுகு, அஞ்சு பங்கு எண்ணெய். வெரல்ல தொட்டா நிக்குது, உள்ளங்கைச் சூடு பட்டா உருகுது. அன்னைக்கு நான் அடுப்படியில தனியா நின்னுட்டுக் கை தட்டினேன். கேக்கறதுக்கு ஆளில்ல, அது வேற விசயம்.

அதை எடுத்துட்டுப் போனா, அங்க வேற சிக்கல். லோகு பூசிக்கறா, உடனே எந்திரிச்சுப் போயித் தங்கச்சி வீட்டுப் பாத்திரத்தை வெளக்கறா! என்ற களிம்பெல்லாம் சாக்கடைக்குப் போகுது. எனக்கு வயிறு எரிஞ்சுது. இப்படி வெளக்கிட்டே இருந்தா மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? ஒரு பரீட்சைன்னா ஒழுங்கா வெக்கோணுமில்ல?

"நீ உக்காரு"ன்னுட்டு நான் போயி வெளக்கினேன். ஆமாங்க, கொழுந்தியா வீட்டுப் பாத்திரத்தைத்தான். அந்தச் சபீனாப் பவுடர் இருக்குதே, சாமி, அரை மணி நேரத்துல என்ற கை எரிய ஆரம்பிச்சிருச்சு. வார்னிஷ் கூட இப்படி எரிச்சதில்ல. "இதையா தெனமும் தொடறே?"ன்னு கேட்டேன். லோகு என்னையவே பாத்துட்டு இருந்தா. சகலைதான் பக்கத்துல வந்து, "அண்ணா, உங்க ஆராய்ச்சியில நாளைக்கு என்னையும் வெளக்க விட்டுருவாங்களாட்ட இருக்குதுங்களே"ன்னு காதுல சொன்னான். அவன் ஒரு சோம்பேறிங்க.

அப்பறம் நானே அவ கையில பூசிவிட்டேன். அவ பூசினா அவசரத்துல எல்லாப் பக்கமும் படாது. காயில் கட்டறதுல ஒரு சுத்து விட்டாலும் மோட்டார் ஓடாது, அதே மாதிரிதான். கை கழுவினதும் ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, அந்த ஈரப்பசையோடயே பூசோணும். ஒவ்வொரு விரலாப் புடிச்சு, நுனியில ஆரம்பிச்சு, வெடிப்புக்குள்ள எறங்கற மாதிரி. அன்னைக்குத்தான் அந்தக் கையைக் கிட்டத்துல வெச்சுப் பாத்தேன். நெசமாலுமே ரேகை இல்லீங்க தம்பி. தேஞ்சுபோன நாணயம் மாதிரி இருந்துச்சு.

பாதியில அவ கண்ணுல இருந்து பொலபொலன்னு தண்ணி. "எரியுதா?"ன்னேன். இல்லைன்னு தலையாட்டறா. தேன்மெழுகு வாசம் சில பேருக்கு ஒத்துக்காதாமுங்க.

அப்பவே சொன்னேன். "லோகு, இப்படி வாரத்துக்கு ஒருக்கா வந்து பூசினா வேலைக்காகாது. வீட்டுக்கு வந்துரு. தெனமும் பூசி, டெஸ்டிங் பாக்கலாம்."

"டெஸ்டிங்குக்கா?"ன்னா.

"ஆமா, வேறெதுக்கு?"ன்னேன்.

கொழுந்தியா நெத்தியில அடிச்சுக்கிட்டா. லோகு கையை உருவிக்கிட்டா. எனக்கு ஒண்ணும் புரியல. "உங்களுக்குப் புரியவே புரியாதுங்களா மாமா?"ன்னு கொழுந்தியா கேக்கறா. "எண்ணெய் அளவுதானே, இன்னும் கொஞ்சம் கூட்டட்டுமா?"ன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

சரி, கெளம்பலாம்னு செருப்பை மாட்டினேன். மாட்டிட்டே, சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். "ராத்திரியில கதவுக்குத் தாப்பாள் போடறதில்ல லோகு. நீ கடைசி பஸ்ல வந்து தட்டினீன்னா, எனக்குத் தூக்கத்துல காது கேக்காம போயிட்டா என்ன பண்றது? அதனால சும்மா சாத்தி வெக்கறேன். நேத்து ஒரு நாய் உள்ள வந்து படுத்துக்கிச்சு."

இதுல என்ன இருக்குதுங்க? நாய் வந்த கதையைச் சொன்னேன். ஆனா அவ அப்படியே நின்னா. அப்பறம் உள்ள போனா. வரும்போது பை கையில இருக்குது. "நடங்க"ன்னா.

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, அஞ்சுக்கு ஒண்ணுங்கற அளவு ஜெயிச்சிருச்சுன்னு. பூசி ஒரு மணி நேரம் கூட ஆகல, அதுக்குள்ள மனசு மாறிட்டா பாருங்க. நல்ல சரக்குன்னா அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததுக்கப்பறம் தெனமும் சாயந்திரம், மாட்டுக்குத் தண்ணி காட்டினதும் உக்காந்துக்குவோம். பாத்திரம் நாந்தான். பரீட்சை முடியற வரைக்கும்னு சொல்லியிருக்கறேன். பூசறப்ப அவ பேசுவா. இத்தனை வருசத்துல அவ இவ்வளவு பேசிக் கேட்டதில்லீங்க. சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்துல கோலப் போட்டியில பரிசு வாங்கினாளாம், எனக்குத் தெரியவே தெரியாது. கண்ணாலம் ஆன புதுசுல என்ற சட்டையில இருந்த வார்னிஷ் வாசத்துக்கு வாந்தி வருமாம், சொல்லப் பயந்துட்டு மூச்சைப் புடிச்சுட்டே துவைப்பாளாம். "சொல்லியிருந்தா வேற வார்னிஷ் வாங்கியிருப்பேனே"ன்னேன். "ஆமா, வாங்கியிருப்பீங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா.

பொங்கலுக்கு ரேசன் கடையில கூட்டம். இவ தலைப்புல வெரலைத் தொடைச்சா. எனக்குத்தான் நெஞ்சு படபடங்குது, மோட்டாரை மாட்டிட்டு மொத சுவிட்சு போடற மாதிரி. வெச்சா. பச்சை! தொட்ட ஒடனே பச்சை! அந்தக் கடைப் பாப்பாவே, "என்னங்கம்மா, கை இத்தனை மெத்துன்னு ஆயிருச்சு?"ன்னு கேக்குது. அன்னைக்குச் சிரிச்ச ஆளுங்க நாலஞ்சு பேரு அங்கதான் நின்னாங்க. ஒரு பொம்பளை, "எனக்கும் ஒரு டப்பா குடுங்கண்ணா, என்ன வெலை?"ன்னாங்க.

"இது வெலைக்கில்லீங்க"ன்னேன். "இது இவ கைக்குன்னு அளவெடுத்துக் காய்ச்சினது. வேற கைக்குச் செட்டாகாது."

யாரும் சிரிக்கலீங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லவும் இல்ல, தொழில்ல உள்ளதைச் சொன்னேன். ஒவ்வொரு மோட்டாருக்கும் கம்பி அளவு வேற இல்லீங்களா? ஆனா லோகு அன்னைக்கு அரிசிப் பையை எங்கிட்டக் குடுத்துட்டு, வெறுங்கையை வீசிட்டுப் பக்கத்துலயே நடந்து வந்தா. வழியில ஒரு ஆளு விடாம வணக்கம் சொல்லிட்டு வர்றா. அவளுக்கு இத்தனை பேரைத் தெரியும்னே எனக்குத் தெரியாது.

இப்ப என்ற குறை என்னன்னா தம்பி, அதைச் சொல்லத்தான் ஆரம்பிச்சேன். கை ஆறிப்போச்சு. வெடிப்பு ஒண்ணு கூட இல்ல. ரேகை பளிச்சுனு தெரியுது, நானே லென்ஸு வெச்சுப் பாத்தேன். ஆனா, "இன்னும் சரியாகலீங்க"ங்கறா.

"எங்க வலிக்குது?"

"இங்க."

"இங்கயா?"

"இல்ல, கொஞ்சம் அந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் பூசினா, மறுபடியும் இந்தப் பக்கங்கறா. வெளிய தெரியாதாம், உள்ளுக்குள்ள இருக்குதாம். மோட்டார்ல இப்படித்தான் சில கோளாறு ஒளிஞ்சுக்கும், ஆளையே சாகடிச்சிரும். ஒண்ணுக்கு நாலரைன்னு மாத்திப் பாத்தேன். நல்லெண்ணெய் கொஞ்சம் கலந்து பாத்தேன். "இது எப்படி இருக்குது?"ன்னு நான் கேட்டா, "நல்லாருக்குது, ஆனா இன்னும் சரியாகல"ங்கறா. கொழுந்தியாகிட்டப் போன்ல சொன்னா, அவ விழுந்து விழுந்து சிரிக்கறா. "பங்குனி வரைக்கும் பூசுங் மாமா, அப்பறம் வெயிலுக்கும் பூசோணும்"ங்கறா. வெயில் காலத்துல எதுக்குங்க? வேர்க்குமில்ல?

நீங்களும் சிரிக்கறீங்க. உங்களுக்கு இன்னும் கண்ணாலம் ஆகலயா? ஆகலைன்னா உங்களுக்குப் புரியாது. பொம்பளைங்க தோலு வேற மாதிரி.

மெழுகு தீந்து போச்சு, அதனாலதான் இன்னைக்கு உடுமலை. நேத்துச் சாயந்திரம் டப்பாவுல அடியில கொஞ்சூண்டுதான் ஒட்டிட்டு இருந்துச்சு. அவளுக்குப் பூசறதுக்குன்னு அதை வழிச்சு வெரல்ல எடுத்தேன். அவ என்ற வெரலைப் புடிச்சு, அந்தக் களிம்பைத் தன்ற வெரலுக்கு வாங்கிக்கிட்டா. அப்பறம் என்ற கையைத் திருப்பி, உள்ளங்கையில வெச்சுத் தேய்க்க ஆரம்பிச்சிட்டா. ஒவ்வொரு விரலா. பாத்திரம் வெளக்கி வெளக்கிக் கொஞ்சம் சொரசொரன்னு ஆயிருக்குது, இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்காக மருந்தை வீணாக்கலாமுங்களா?

"ஏ புள்ளே, இருக்கறதே இத்தனூண்டு. எனக்கெதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்லையே"ன்னேன்.

"சித்தெ பேசாம இருங்க"ன்னா.

நானும் பேசாம இருந்தேனுங்க.